துரையாக்கிய வாய்

தண்டாயுதபாணிக்குத் துரைப் பட்டம் கட்டியது தன் புருஷன்தான் என்பதில் மாரியாயிக்குச் சந்தேகமே கிடையாது. தண்டாயுதபாணி பழனி அடிவாரத்தில் கடை வைத்திருந்தவர். விபூதிப் பொட்டலம், கற்பூரம், பஞ்சாமிர்த டப்பா, மொட்டை போட்ட தலைக்குத் தடவச் சந்தனம். யாத்திரைக்காரர்களின் தலையைத் தடவித் தடவியே பெருமாள்மலைக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தை வாங்கிப் போட்டார். முதல்முறை ஜீப்பில் வந்து இறங்கியபோது காதைச் சுற்றி மப்ளரும் கையில் மஞ்சப் பையுமாக, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் குளிரில் நின்றுகொண்டிருந்தார். மாரியாயியின் புருஷன் சோலைமுத்து ஓடினார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பை ஒடித்து, "சலாம் தொரை" என்றார்.

தண்டாயுதபாணி பின்னால் திரும்பிப் பார்த்தார், யாரோ ஒரு துரை வந்து நிற்கிறார் போலிருக்கிறது என்று.

அடுத்த தடவை வந்தபோது திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கடுத்த தடவை தலையில் தொப்பி இருந்தது. தை மாதக் குளிருக்கு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வந்து, முழங்கால் வெடவெடக்கத் தோட்டத்தைச் சுற்றினார். அன்றைக்கு மாரியாயி காப்பிச் செடி மறைவில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள் அன்றோடு விட்டிருக்கலாம். ஆனால் சோலைமுத்துவின் வாய் ஓயவில்லை. காப்பிக்கொட்டை காயப்போடும் சிமெண்டுக் களத்துக்கு அவர் வாயில் பெரட்டுக்களம் என்று பெயர், காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற இடம். சாக்கு அடுக்கி வைத்திருந்த தகரக் கொட்டகை பங்களா ஆயிற்று. இவர்கள் குடியிருந்த ஓட்டுச் சாய்ப்பு லயம். அதில் ஒவ்வொரு அறையும் காம்பிரா. எல்லாம் சிலோன் தேயிலைத் தோட்டத்துப் பேச்சு. அங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக் கப்பலில் ஏறியபோது இவர்களைக் கொண்டுவர விட்டது நாலு பாத்திரமும் கொஞ்சம் துணியும்தான். இந்தப் பேச்சை மட்டும் மண்டபம் கேம்பில் யாரும் பறித்து வைத்துக்கொள்ளவில்லை.

பெயர் வைத்துவிட்டால் பொருள் சும்மா இருக்குமா. பங்களா என்று காதில் விழ விழ, தகரக் கொட்டகைக்குக் கண்ணாடி ஜன்னல் வந்தது, மர வராந்தா வந்தது. பெரட்டுக்களம் என்று ஒன்று இருக்கும்போது அதில் காலையில் ஆள் நிற்காமல் இருப்பது எப்படி? கிழக்கு வெளுக்கும் முன்னே, மூடுபனியில் எதிரில் நிற்கிறவன் முகம் தெரியாத நேரத்தில், லயத்து ஆட்கள் வரிசையாகப் போய் நின்றார்கள். அவர்களை எழுப்ப சோலைமுத்து மண்ணெண்ணெய்த் தகரத்தை ஒரு குச்சியால் தட்டினார். தட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அங்கே தப்பு அடித்து எழுப்பினார்கள், இங்கே தப்பு இல்லை, ஆகவே தகரம்.

"இந்த ஆளு பழனிக்குப் போயிட்டாரு, பங்களாவுல ஆளே இல்ல. யாருக்காகத் தட்டுறீங்க?" என்று ஒரு நாள் மாரியாயி போர்வைக்குள்ளிருந்தே கேட்டாள்.

"தொரை இல்லாட்டி தோட்டம் இல்லியா?" என்றார்.

"தோட்டம் இருக்கு. ஒங்களுக்குத்தான் முதுகெலும்பு இல்ல."

இப்படிப் பேசுகிறவள்தான் அவள். புருஷனை 'ங்க' போட்டே கிழிப்பாள். மரியாதையில் ஒரு குறை வைத்ததில்லை, ஏச்சிலும் வைத்ததில்லை. இவர்கள் எல்லாரையும்விட நான் வேறு என்ற நினைப்பு அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. மற்ற ஆட்கள் குனிகிறார்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. அவளும் வரிசையில்தான் போய் நின்றாள் என்பது வேறு விஷயம்.

காப்பிப் பழம் சிவக்கிற மாதங்களில் பெருமாள்மலையிலிருந்து உள்ளூர் ஆட்களும் எடுப்புக்கு வருவார்கள். அவர்களில் கந்தம்மாள் ஒருத்தி. மற்ற நாட்களில் மலைப்பூண்டு வாங்கி விற்பவள். வெற்றிலையால் வாய் எப்போதும் சிவந்து கிடக்கும். செடியின் கொம்பை வளைத்துப் பிடித்தால், பழம் அவள் கைக்குப் பயந்து தானாகவே உதிர்வதுபோல் டின் நிறையும். அவள் தண்டாயுதபாணியைக் கடைக்காரரே என்றுதான் கூப்பிடுவாள். தொப்பி போட்டிருந்தாலும் கடைக்காரர், தொப்பி போடாவிட்டாலும் கடைக்காரர்.

"நேத்து ஏன் வரல?" என்று ஒரு நாள் அவர் அதட்டினார்.

"சோலி இருந்துச்சுங்க."

"என்ன சோலி?"

"என் சோலிங்க."

பக்கத்தில் நின்ற சோலைமுத்துவுக்கு அந்தக் குளிரில் வேர்த்துவிட்டது. அவர் பேச்சில் அப்படி ஒரு பதிலே கிடையாது. வேலைக்குப் போன நாளை அவர் 'பேர் விழுந்த நாள்' என்பார். போகாத நாள் பேர் இல்லாத நாள். பேர் இல்லாத நாளில் மனுஷனுக்கு என்று ஒரு சோலி இருக்க முடியும் என்பது அவருக்கு எட்டவே இல்லை. மாரியாயியும் அன்றைக்கு, "மரியாதை தெரியாத மலைக்காரி" என்றுதான் முணுமுணுத்தாள்.

அந்த மலைக்காரியின் மகன் பொன்னுவேல் லாரி ஓட்டினான். காப்பி மூட்டை ஏற்ற வருவான். மாரியாயியின் மகள் லீலா சாய்ப்பு வாசலில் குடத்தோடு நின்றாள் என்றால் அவன் லாரிக்கு ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் போய்விடும். ஒரு நாள் நிறைந்து கிடந்த ரேடியேட்டரைத் திறந்து வடியவிட்டுவிட்டு மறுபடி தண்ணீர் கேட்டு வந்ததைச் சோலைமுத்து தவிர லயமே பார்த்தது. லீலா சிலோனிலிருந்து வரும்போது சின்னப் பிள்ளை. பெருமாள்மலைப் பள்ளிக்கூடத்தில் படித்து இந்த ஊர்ப் பேச்சே பேசினாள். எடுப்பு இல்லாத நாட்களில் பங்களாவில் சமையல் செய்தாள். கோடைக்கு வருகிற ஆட்களுக்குச் சீசனில் பங்களாவை வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தார் தண்டாயுதபாணி.

இரண்டு தாய்மாரும் காப்பிச் செடிகளுக்கு நடுவிலேயே பேசி முடித்தார்கள். தை முதல் வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்றுவது, மாசியில் கல்யாணம்.

அன்று அந்திக்கு மாரியாயி ரொட்டி தட்டினாள். தேங்காய்ச் சம்பல் அரைத்து, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கப் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி வைத்தாள். புகை அறையைச் சுற்றிவிட்டுப் போக வழியில்லாமல் கண்ணில் இறங்கியது. சோலைமுத்து ரொட்டியைச் சம்பலில் தொட்டு வாயருகே கொண்டுபோய், அப்படியே நிறுத்தினார்.

"தொரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறணுமே."

"என்னத்த?"

"கல்யாணத்தத்தான்."

"அவரா கட்டிக்கப் போறாரு?"

"அப்புடிப் பேசாத. உத்தரவு வாங்காம எப்புடி? நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பா தொரை பங்களா வாசல்ல அந்தி வரைக்கும் நின்னாரு. ஒனக்கு விளங்கலியா?"

"நல்லா விளங்குது. அங்க காம்பிரா வேணும், வர்ற பொண்ணுக்கு வேலை வேணும், நின்னாரு. இங்க பொண்ணு பெருமாள்மலைக்கு வாழப் போகுது. இந்த ஆளு என்னத்தக் குடுக்கணும்? விபூதியா?"

"கேக்காமச் செஞ்சா நல்லாருக்காது" என்றார் சோலைமுத்து. அதற்கு மேல் அவரிடம் காரணம் இல்லை. காரணம் தேவைப்படவும் இல்லை. உத்தரவு என்ற சொல் அவருக்குள் உப்பைப் போலக் கரைந்து கிடந்தது. எதைத் தின்றாலும் அது இருக்கும்.

மறுநாள் போனார். நடந்ததை லீலாதான் பங்களா அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டு வந்து சொன்னாள். அடக்கமான குரலில் சொன்னாள். ஆனால் சுள்ளியை ஒடித்து ஒடித்து அடுப்பில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா போயிக் கேட்டதும் அந்தாளுக்கே ஒண்ணும் புரியலம்மா. 'ஒன் பொண்ணு கல்யாணத்துக்கு எங்கிட்ட எதுக்குய்யா...'ன்னு ஆரம்பிச்சாரு. நான் அப்பாடான்னு இருந்தேன். அப்பா விடல. 'தொரை உத்தரவு குடுத்தாத்தான்'னு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. அந்தாளு கொஞ்ச நேரம் பாத்தாரு. பெறகு நாக்காலியில நல்லாச் சாஞ்சு ஒக்காந்தாரு."

"ம்."

"சாஞ்சதும் வேற ஆளாயிட்டாரு. 'இப்ப வேணாம். சீசன் வருது, பங்களாவுக்கு ஆளுக வருவாங்க, சமைக்க யாரு இருக்கா? சீசன் முடியட்டும். பெறகு லயத்துக்குள்ளயே ஒரு பையனா நானே பாத்துச் சொல்றேன்'னுட்டாரு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"சலாம்னாரு."

மாரியாயி வெளியே வந்தாள். சோலைமுத்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். மழை வருவதும் வராததும் நம் கையிலா என்கிற மாதிரி ஒரு முகம்.

"பூட்டாத கதவுக்குச் சாவி கேக்கப் போயி, பூட்ட வச்சுட்டு வந்திருக்கீங்களே" என்றாள்.

"வேணாம்னு சொல்லல. இப்ப வேணாம்னுதான் சொன்னாரு."

"அந்த மனுசனுக்கு அப்புடி ஒரு அதிகாரம் இருக்குன்னு அவருக்கே தெரியாதே. நீங்கள்ல கொண்டுபோயித் தட்டுல வச்சுக் குடுத்தீங்க. தேங்கா பழம் வச்சீங்களா, இல்ல வெறுந்தட்டா?"

"தொரை சொன்னப்பெறகு நாம என்ன செய்ய முடியும்?"

"செய்ய முடியாதுதான். ஒங்களுக்குக் கையி ரெண்டும் கட்டிக்கிறதுக்குத்தான் படைச்சிருக்கு."

விஷயம் மூடுபனியோடு சேர்ந்து இறங்கி, விடிவதற்குள் பெருமாள்மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் கந்தம்மாள் வெள்ளனே வந்தாள். டின்னைக் கீழே வைத்தாள், வெற்றிலையைத் துப்பினாள்.

"என்ன மதினி கூத்து இது? எம் மகன் கல்யாணத்துக்குக் கடைக்காரர்கிட்ட உத்தரவு கேட்டீகளாமே?"

"அவுங்கப்பா தெரியாமப் போயி..."

"பொண்ணப் பெத்தது நீங்க, கட்டப் போறது என் மகன். நடுவுல சந்தனம் விக்கிற ஆளுக்கு என்ன சோலி? அவரு வேணாம்னா வேணாமாக்கும்?"

மாரியாயி பழத்தைப் பறித்தாள். பச்சையும் சேர்ந்து கையோடு வந்தது.

"நான் ஒங்களைக் கொறையாச் சொல்லல மதினி. அய்யம்பாளையத்துல எங்க அண்ணன் மக இருக்கா. அவளக் கட்டலேன்னு ஏற்கனவே அவரு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. வெள்ளிக்கெழம வெத்தல மாத்துறோம்னு சொல்லித்தான் வாய அடச்சேன். அது நடக்கலேன்னா அண்ணன் மறுநாளே தட்டோட வந்து நிப்பாரு. நான் என்னன்னு சொல்லட்டும்? கடைக்காரர் உத்தரவு குடுக்கலண்ணேன்னா? சிரிப்பா சிரிக்கும் ஊரு." ஒரு கொம்பை வளைத்து ஒரே உருவலில் உருவினாள். "நாளைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லி விடுங்க. எம் பய சோறு திங்காமக் கெடக்கான்."

ஏச்சு வாங்கிப் பழக்கமில்லை மாரியாயிக்கு. கொடுத்துத்தான் பழக்கம். பறித்த பழத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கைப்பிசினைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பங்களாவுக்கு நடந்தாள். வழியெல்லாம் 'மொதலாளி' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது. பரவாயில்லை, முழுங்கிவிடலாம் என்று நினைத்தாள். மொதலாளி, நீங்க சொன்னது சரியில்ல. அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

தண்டாயுதபாணி வராந்தா வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மேசையில் ரொட்டித் துண்டுகள், பக்கத்தில் பஞ்சாமிர்த டப்பா. துரைமார் ரொட்டியில் ஏதோ தடவித் தின்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். தம் கையில் இருப்பதைத் தடவிக்கொண்டிருந்தார். மாரியாயிக்கு நெஞ்சு முழுக்க இளக்காரம் பொங்கியது. வாயைத் திறந்தாள்.

"தொரை" என்றாள்.

அவள் சொல்லவில்லை, அது வந்தது. வந்த வேகத்தில் முதுகும் கொஞ்சம் வளைந்தது.

"என்ன மாரியாயி? அதான் ஒன் புருசன்கிட்ட சொல்லிட்டேன்ல?"

"தொரை பெரிய மனசு பண்ணி..." என்று இழுத்தாள்.

தன் காதிலேயே அது விழுந்தது. நினைத்து வந்தது வேறு. ஆனால் தொரை என்று தொடங்கிய பிறகு, நீங்க சொன்னது சரியில்ல என்று அந்தப் பேச்சை முடிக்க வழியே இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவதெல்லாம் தானாகவே குனிந்துகொண்டு வந்தது. பெரிய மனசு. ஏழைக்கு. புண்ணியமாப் போகும். எல்லாம் வரிசையாகப் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி நாக்கில் வந்து நின்றன. அவள் இத்தனை வருஷம் புருஷனை எந்தெந்தச் சொல்லுக்காகக் கிழித்தாளோ அதெல்லாம் அவள் வாயிலேயே குடியிருந்திருக்கிறது. அவரைவிட ஒரு படி மேலே நின்று சிரித்துக்கொண்டிருந்ததாக நினைத்தாளே, எந்தப் படி அது?

அடுப்படி வாசலில் லீலா நின்றாள். கையில் கரண்டி. அந்தப் பிள்ளையின் கண்ணில் இருந்ததை மாரியாயி கண்டுகொண்டாள். தான் தினமும் சோலைமுத்துவைப் பார்க்கிற பார்வை அது. அச்சு அசலாக, ஒரு மாற்றும் குறையாமல்.

மாரியாயி வாயை மூடிக்கொண்டாள். கந்தம்மாளாக இருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தாள். அதை நினைப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அவள் குரல் காலையிலிருந்து காதுக்குள்ளேயே கிடந்தது. இடுப்பில் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறத்தியார் சேலையைக் கட்டிக்கொண்ட மாதிரி கூச்சமாக இருந்தது. சொன்னாள்:

"ஏங்க கடைக்காரரே."

தண்டாயுதபாணி சட்டென்று நிமிர்ந்தார். நீட்டிய கால் மடங்கியது.

"சொல்லுங்கம்மா, என்ன வேணும்?" என்றார்.

அடிவாரத்துக் குரல். கூட்டத்தில் ஒருத்தியைக் கூப்பிட்டு நிறுத்துகிற குரல், சர்க்கரைப் பாகு ஒழுகுகிற குரல். அவர் நினைத்துச் சொல்லவில்லை, அதுவும் வந்ததுதான். சொன்ன பிறகு முகம் கறுத்துப்போய், தொப்பியை எடுக்கவா வைக்கவா என்று தடவினார். இந்த மனுஷனுக்கா பயந்தோம் என்று மாரியாயிக்கு அசிங்கமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. வெள்ளிக்கெழம எம் மகளுக்கு வெத்தல மாத்துறோம். வந்து சாப்பிட்டுப் போங்க. சனிக்கெழமையிலேருந்து அவ வேலைக்கு வரமாட்டா, வேற ஆளப் பாத்துக்கங்க. சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"நான் வேணாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நாங்க கேட்டது தப்பு. இப்ப கேக்கல."

"அப்ப லயத்துல எடம் கெடையாது. அறையக் காலி பண்ணணும்" என்று எழுந்தார். துரைக் குரலைத் தேடினார், பாதிதான் கிடைத்தது.

"பண்றோம். லீலா, கரண்டிய வச்சுட்டு வா."

தாயும் மகளும் இறங்கி நடந்தார்கள். களத்தைத் தாண்டியதும் லீலா, "கந்தம்மா அத்தை பேசுற மாதிரியே பேசுனியேம்மா" என்றாள்.

"வாய மூடிட்டு நட. சாமான் கட்டணும்."

சோலைமுத்து சாய்ப்பு வாசலிலேயே நின்றிருந்தார். "தொரை என்ன சொன்னாரு?"

"பத்துச்சீட்டுக் குடுத்துட்டாரு" என்றாள். தோட்டத்தை விட்டு நீக்கினால் கையில் கொடுக்கிற சீட்டுக்கு அங்கே அந்தப் பெயர். அதைக் கேட்டு அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கப்பலேறிய அன்றுகூட அவர் அப்படி உட்காரவில்லை. அவளுக்கு ஒரு நொடி பாவமாக இருந்தது. மறு நொடி, பாத்திரத்தைக் கட்ட ஆள் வேண்டும் என்று ஞாபகம் வந்தது. "ஒக்காந்தது போதும், எந்திரிங்க. அம்மிய நீங்கதான் தூக்கணும்."

பெருமாள்மலையில் பூண்டு போட்டு வைக்கிற ஒரு அறையைக் கந்தம்மாள் ஒழித்துக் கொடுத்தாள். பொன்னுவேல் லாரி கொண்டுவந்து சாமான் ஏற்றினான். லாரி போதாது என்று சொல்லும்படி அவர்களிடம் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை அந்த அறையிலேயே பாய் விரித்தார்கள். சுவரெல்லாம் பூண்டு வாடை. அரிசிப் பாயசம், உளுந்த வடை, கந்தம்மாள் வீட்டிலிருந்து சாம்பார். தண்டாயுதபாணி வரவில்லை. அய்யம்பாளையத்து அண்ணன் வந்து, மூஞ்சியைத் தூக்கியபடியே மூன்று வடை தின்றார்.

தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், சேலை. வழக்கப்படி பெண்ணைப் பெற்றவர் எழுந்து, சபை கேட்க, பெண்ணைக் கொடுக்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தட்டு கை மாறும்.

"சொல்லுங்க சம்பந்தி" என்றார் அய்யம்பாளையத்துக்காரர்.

சோலைமுத்து எழுந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கினார். குடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். இந்த வயசு வரைக்கும் யாரோ கொடுத்து இவர் வாங்கியிருக்கிறார். இவர் கொடுத்ததாக ஒரு பேச்சு பேசியதே இல்லை. உதடு அசைந்தது. ஜன்னல் வழியாக மலைப் பக்கம் பார்த்தார். பிறகு சபையை ஒரு சுற்றுச் சுற்றி, கந்தம்மாளிடம் வந்து நின்றது பார்வை.

"சம்பந்தியம்மா உத்தரவு குடுத்தாங்கன்னா சொல்லிப்புடுறேன்" என்றார்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நல்ல தமாஷான மனுஷர் என்று யாரோ சொன்னார்கள். அது தமாஷ் இல்லை என்பது அங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும். லீலா தலையைக் குனிந்துகொண்டாள். கந்தம்மாள் சிரிக்கவில்லை. மாரியாயியைப் பார்த்தாள்.

மாரியாயி எழுந்தாள்.

"எம் மக லீலாவ இந்த வீட்டுக்கு நான் குடுக்குறேன்" என்றாள்.

குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. சிரிப்பு நின்றது.

"பொம்பள சொல்ற வழக்கம் இல்லியே" என்று அய்யம்பாளையத்துக்காரர் வடையை இறக்கினார்.

"ஏண்ணே, ஒனக்குக் காதுல விழுந்துச்சா இல்லியா?" என்றாள் கந்தம்மாள்.

"விழுந்துச்சு."

"அப்பறம் என்னத்துக்கு வழக்கம்? வெரசாத் தட்டப் பிடி."

தட்டு கை மாறியது. குலவை போட்டார்கள். பொன்னுவேல் அன்றைக்குத்தான் சோறு கண்டவன் மாதிரி பாயசத்தைக் குடித்தான். மாரியாயி உட்கார்ந்தபோது சோலைமுத்து அவள் பக்கமாகச் சாய்ந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, தன் வேலையை வேறொருவர் செய்து முடித்துவிட்ட நிம்மதி.

"நல்லாச் சொன்ன" என்றார். "நானும் அதத்தான் சொல்லணும்னு இருந்தேன்."

மாரியாயி அவரை ஒரு பார்வை பார்த்தாள். தட்டிலிருந்து ரெண்டு வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கை உள்ளே வைத்து மடித்து அவர் கையில் திணித்தாள்.

"இதையாச்சும் யாரையும் கேக்காம மெல்லுங்க" என்றாள்.